ஒரே தெரு, ஒரே துடைப்பம், இரண்டு சம்பளம்: வாசகர் கேள்வி பதில்

உள்ளாட்சி அமைப்புகளில் வேலை பார்ப்பவர்களின் சம்பளம் பற்றி வந்த கடிதங்களில், பலருக்கும் பொதுவாக இருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் வார்டில் ஒரே தெருவை இரண்டு பேர் கூட்டுகிறார்கள். இருவரும் விடிகாலையில் மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) கையெழுத்துப் போடுகிறார்கள். ஒருவருக்கு முப்பதாயிரத்துக்கு மேல் வருகிறது. இன்னொருவருக்கு அதில் பாதிகூட இல்லை. இது எப்படி?
வாசகர், திருநெல்வேலி

வேலையைப் பார்த்துச் சம்பளம் போடுவதில்லை. எந்த வாசல் வழியாக உள்ளே வந்தீர்கள் என்று பார்த்துப் போடுகிறார்கள். இன்றைக்கு ஒரு மாநகராட்சியில் குறைந்தது நான்கு வாசல்கள் இருக்கின்றன. காலமுறை ஊதியத்தில் (ஆண்டுதோறும் உயரும் அரசு ஊதிய விகிதத்தில்) இருக்கும் நிரந்தரப் பணியாளர், அலுவலகமே நேரடியாக எடுத்த தினக்கூலி அல்லது தொகுப்பூதியக்காரர் (மாதம் ஒரே நிலையான தொகை வாங்குபவர்), சுய உதவிக் குழு வழியாக வந்தவர், தனியார் ஒப்பந்ததாரரிடம் வேலை பார்ப்பவர்.

முதலில் நிரந்தரப் பணியாளரின் கணக்கைப் பார்ப்போம். ஏழாவது ஊதியக்குழுவின்படி தமிழக அரசின் அடிமட்ட நிலையில் தொடக்க அடிப்படை ஊதியம் 15,700 ரூபாய். 2025 ஜனவரியில் இருந்த 55 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் 8,635 கூடி 24,335 ஆகிறது. வீட்டு வாடகைப்படியும் மருத்துவப்படியும் தனி. இது முதல் நாள் சம்பளம்தான். அதன் பிறகு ஆண்டுக்கு 3 சதவீத ஊதிய உயர்வு வரும், 10 ஆண்டில் தேர்வு நிலை, 20 ஆண்டில் சிறப்பு நிலை என்ற கூடுதல் உயர்வுகளும் உண்டு. வெறும் ஆண்டு உயர்வை மட்டும் எடுத்துக்கொண்டாலும் 15 உயர்வுக்குப் பின் அடிப்படை 24,500 அளவில் நிற்கும். அதே 55 சதவீதத்தைச் சேர்த்தால் ஏறத்தாழ 38,000.

ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி 600 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 26 நாளுக்கு 15,600. பிடித்தம் போகக் கையில் பதிமூவாயிரத்துச் சொச்சம். பதினைந்து ஆண்டு கழித்தும், நேற்று சேர்ந்த பையனுக்கு என்ன கூலியோ அதுதான் இவருக்கும். அனுபவத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. அதனால் முதல் நாளில் எட்டாயிரம், ஒன்பதாயிரமாக இருக்கும் வித்தியாசம், பதினைந்தாம் ஆண்டில் இன்றைய விலையிலேயே இருபதாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. எல்லோரும் முதல் நாள் இடைவெளியையே பேசுகிறார்கள். ஒரு குடும்பத்தை நிமிரவிடாமல் செய்வது இந்த இரண்டாவது இடைவெளிதான்.

முதல் வாசல் ஆண்டுக்காண்டு குறுகிக்கொண்டே வருகிறது. ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடம் நிரப்பப்படுவதில்லை, வேலை மட்டும் ஒப்பந்தத்துக்குப் போகிறது. மாநகராட்சிப் பணியிடங்களைக் குறைத்து வேலையை வெளியாருக்கு விட 2022-இல் வந்த நகராட்சி நிர்வாகத் துறை அரசாணை 152-ஐத் திரும்பப் பெறச் சொல்லி ஊழியர் சங்கங்கள் போராடியது இதற்காகத்தான். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்ததும் வாசல் மாற்றப்பட்டதால்தான். நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ், அதாவது சுய உதவிக் குழு வாசலில், வாங்கிய ஏறத்தாழ 23,000 ரூபாய், தனியாரிடம் போனால் 17,000-க்குக் கீழே இறங்கிவிடும் என்பது அவர்களின் முறையீடு. தெருவும் துடைப்பமும் அதே ஆட்களும்தான், சம்பளம் கொடுக்கும் கை மட்டும் வேறு.

'கலெக்டர் ரேட்' என்கிறார்கள், 'மினிமம் வேஜஸ்' என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? எங்கள் ஒப்பந்ததாரர் கொடுப்பது சரியா என்று எப்படிப் பார்ப்பது?
வாசகி, திண்டுக்கல்

இரண்டும் வேறு. குறைந்தபட்ச ஊதியம் என்பது தொழிலாளர் நலத்துறை அரசாணை மூலம் அறிவிப்பது. உள்ளாட்சிப் பணிக்கு 2017 அக்டோபரில் வந்த அரசாணை (2டி) எண் 62-ஐத்தான் சங்கங்கள் எப்போதும் மேற்கோள் காட்டும். அதில் ஓர் அடிப்படை ஊதியமும், விலைவாசிக் குறியீட்டோடு கட்டப்பட்ட அகவிலைப்படியும் உண்டு. அந்த அகவிலைப்படி ஒவ்வோர் ஏப்ரல் 1-ஆம் தேதியும் மாறும். அதனால் 'அரசாணையில் இவ்வளவுதான் போட்டிருக்கிறது' என்று யாராவது 2017-இன் அடிப்படை எண்ணைக் காட்டினால் நம்பாதீர்கள். நடப்பு ஆண்டு அகவிலைப்படியைச் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

கலெக்டர் ரேட் என்பது மாவட்ட ஆட்சியர் அந்த நிதியாண்டுக்கு, அந்த மாவட்டத்தில், வேலை வாரியாக நிர்ணயிக்கும் தினக்கூலி. உள்ளாட்சி மன்றம் அதைத் தீர்மானமாக ஏற்றுக்கொண்டு டெண்டரில் எழுதும். ஆட்சியர் நிர்ணயித்தது குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இருந்தால் குறைந்தபட்ச ஊதியமே செல்லும். மேலே இருந்து, டெண்டரிலும் அதுவே எழுதப்பட்டிருந்தால், அந்த உயர்ந்த தொகையைத்தான் ஒப்பந்ததாரர் கொடுக்க வேண்டும். ஏனென்றால் அந்தக் கணக்கில்தான் அவர் மாநகராட்சியிடம் பில் போடுகிறார்.

தவறு நடக்கும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு. முதலாவது, 26-க்கும் 30-க்கும் நடுவில் நடப்பது. மாத ஊதியம் 15,600 என்றால் அதை 26-ஆல் வகுத்து ஒரு நாள் 600 என்று கொள்ள வேண்டும், வார விடுமுறைக்கான கூலி அதற்குள் அடங்கிவிடுகிறது. சிலர் 30-ஆல் வகுத்து 520 என்று வைத்துக்கொண்டு, வேலை செய்த 26 நாளுக்கு மட்டும் கொடுக்கிறார்கள். 13,520 தான் வரும். மாதம் 2,080 ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும்.

இரண்டாவது, நிர்வாகத்தின் பங்கையும் உங்கள் தலையில் கட்டுவது. 15,600 ரூபாய்க்கு உங்களிடம் பிடிக்க வேண்டியவை: பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், அதுவும் 15,000 உச்சவரம்புக்குக் கணக்கிட்டால் 1,800. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) 0.75 சதவீதம், 117 ரூபாய். கையில் 13,683 வர வேண்டும். நிர்வாகம் தன் பங்காக பி.எஃப். கணக்கில் நிர்வாகச் செலவும் காப்பீடும் சேர்த்து 1,950 ரூபாயும், இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதமாக 507 ரூபாயும் கட்ட வேண்டும். இந்த 2,457 ரூபாயும் உங்கள் கூலியிலிருந்தே போனால் கையில் 11,226 தான் நிற்கும். உங்களுக்கு வருவது அந்த அளவில் இருந்தால் சந்தேகமே வேண்டாம், இரண்டு பங்கும் உங்களிடமே பிடிக்கப்படுகின்றன. சட்டப்படி இதற்கு இடமே இல்லை.

வாய்ப்பேச்சாகக் கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானது. அதனால் தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். வேலையில் இருப்பவரே எழுத வேண்டும் என்பதில்லை, வெளியூரில் இருக்கும் தம்பியோ மகளோ எழுதலாம். 'ஏன் குறைவாகக் கொடுக்கிறீர்கள்' என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: ஒப்பந்த உடன்படிக்கையின் நகல், அதில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட தொகை, கடந்த ஆறு மாதம் ஒப்பந்ததாரர் கொடுத்த பில்களின் நகல், பில்லோடு இணைத்த பி.எஃப்., இ.எஸ்.ஐ. செலுத்துச் சீட்டுகள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். நூறு பேருக்கு பில் போட்டு எழுபது பேரை வைத்து வேலை வாங்குவதும் இப்படித்தான் வெளியே வரும்.

குறை உறுதியானால் தொழிலாளர் துறையில் கேட்பு மனு போடலாம். பழைய சட்டத்தில் ஆறு மாதத்துக்குள் போட வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு மூன்று ஆண்டு வரை அவகாசம் தருகிறது. குறைத்த தொகையோடு, அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு இடம் உண்டு. பதிவு பெற்ற சங்கமே உங்களுக்காக மனு போடலாம், தனியாகப் போய் நிற்க வேண்டியதில்லை.

மாதாமாதம் பி.எஃப். பிடிக்கிறார்கள். பாஸ்புக்கில் எதுவும் ஏறவில்லை.
வாசகர், ஓசூர்

முதலில் தேதியைப் பாருங்கள். ஒரு மாதத்துக்கான பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டினால் போதும். ஆகவே ஒரு மாத இடைவெளி இயல்பு. இரண்டு மாதத்துக்கு மேல் காணவில்லை என்றால்தான் கவலை.

பதிவு செய்த கைபேசியிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய தொகை குறுஞ்செய்தியாக வரும். ஒன்றுமே வரவில்லை என்றால் உங்கள் யூ.ஏ.என். எண்ணோடு (பி.எஃப்.க்கான உங்கள் நிரந்தர அடையாள எண்) கைபேசியோ ஆதாரோ இணையவில்லை என்று அர்த்தம். ஆதாரில் 'முத்துலட்சுமி', பி.எஃப். பதிவில் 'எம். லட்சுமி' என்றிருந்தால்கூடப் போதும், இணைப்பு நின்றுவிடும்.

ஒப்பந்தம் கைமாறும்போதெல்லாம் புதிதாக ஒரு யூ.ஏ.என். போட்டுக் கொடுப்பது இன்னொரு வழக்கம். ஆயுளுக்கும் ஒரே எண்தான் இருக்க வேண்டும். புது ஒப்பந்ததாரரிடம் பழைய எண்ணை எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழையவர் 'வேலை விட்ட தேதி' போடாமல் போயிருந்தால் பணம் மாற்ற முடியாமல் தொங்கும், அதையும் கேட்டு வாங்குங்கள்.

அவசரத்துக்குப் பணம் எடுக்கும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். 10 சி படிவத்தில் ஓய்வூதியப் பகுதியையும் எடுத்துவிட்டால் அதுவரையான சேவைக் காலம் பூஜ்யமாகிவிடும். மாத ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு சேவை வேண்டும். ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும் எடுத்து எடுத்து, பதினெட்டு ஆண்டு உழைத்தும் ஓய்வூதியம் இல்லாமல் நிற்பவர்கள் ஏராளம். பணத்துக்குப் பதில் அதே படிவத்தில் திட்டச் சான்றிதழ் கேளுங்கள், சேவை கணக்கில் நிற்கும்.

ஒப்பந்ததாரர் கட்டவே இல்லை என்றால் பி.எஃப். நிறுவனத்தின் குறைதீர் இணையதளத்தில் புகார் செய்யுங்கள். ஒப்பந்ததாரர் பெயரை மட்டும் எழுதாமல், முதன்மை வேலையளிப்பவர் என்று உள்ளாட்சி அமைப்பின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கான இரு பங்கையும் முதலில் கட்ட வேண்டிய பொறுப்பு முதன்மை வேலையளிப்பவருடையது என்றே பி.எஃப். திட்டத்தின் 30-ஆவது பத்தி சொல்கிறது. மாநகராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பி.எஃப். சட்டம் பொருந்தும் என்பது 2011 ஜனவரி அறிவிக்கையோடு முடிந்துபோன விஷயம்.

கிராம ஊராட்சியில் தூய்மைக் காவலராக இருக்கிறேன். மாதம் 5,000 ரூபாய். 'இது சம்பளம் இல்லை, மதிப்பூதியம்' என்கிறார்கள்.
வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பெயரை மாற்றினால் வேலை மாறாது. வீடு வீடாகக் குப்பை வாங்கி, தரம் பிரித்து, உரக்குழியில் கொட்டும் வேலை அது. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் ஆசியாட் (ஆசிய விளையாட்டுப் போட்டி) கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லியது.

நிர்வாகம் சொல்லக்கூடிய ஒரே பதில் 'இது சில மணி நேர வேலைதான்' என்பது. அதனால் எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்கு முடித்தீர்கள், திருவிழா நாளிலும் அமைச்சர் வரும் நாளிலும் கூடுதலாக என்ன வேலை வாங்கினார்கள் என்று ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள். நான்கு பேர் ஒரே மாதிரி எழுதி வைத்தால் அதுவே சாட்சி. பக்கத்து மேசையில் இருக்கும் ஊராட்சிச் செயலர் 15,900 ரூபாய் அடிப்படையில் தொடங்கும் காலமுறை ஊதியத்துக்கு வந்ததும் நீண்ட நாள் கோரிக்கைக்குப் பிறகுதான்.

240 நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?
வாசகர், நாகர்கோவில்

இல்லை. ஓர் ஆண்டில் 240 நாள் என்பது உங்களைத் திடீரென்று நிறுத்துவதற்கு எதிரான பாதுகாப்பு. ஒரு மாத முன்னறிவிப்பு, சேவை செய்த ஆண்டுக்குப் பதினைந்து நாள் சராசரி ஊதியம் என்ற இழப்பீடு, இவை இல்லாமல் ஆட்குறைப்பு செய்யக் கூடாது என்பதுதான் அதன் பொருள். நிரந்தரத்துக்கு அது சாவி அல்ல.

அலுவலகமே நேரடியாக எடுத்த தற்காலிக ஊழியருக்குப் பிடிமானம் இருக்கிறது. 2006-இல் உமாதேவி வழக்கின் தீர்ப்பு, முறையான தேர்வில்லாமல் வந்தவரை நிரந்தரமாக்கக் கோர முடியாது என்றது. அதையே கேடயமாக வைத்துப் பல அலுவலகங்கள் ஆண்டுக்கணக்கில் தினக்கூலியிலேயே ஓட்டின. 2016 அக்டோபரில் பஞ்சாப் மாநிலம் எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில், நிரந்தர ஊழியரின் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கு அந்தப் பதவிக்கான ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத்தைக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த ஸ்ரீபால் வழக்கு நேரடியாக உள்ளாட்சி தொடர்பானது. காஜியாபாத் மாநகராட்சியின் தோட்டப் பணியாளர்களை நிறுத்தியது செல்லாது, உமாதேவி தீர்ப்பைக் காட்டிச் சுரண்டலைத் தொடர முடியாது என்றது நீதிமன்றம்.

ஒப்பந்ததாரர் வழியாக வந்தவருக்கு இந்தத் தீர்ப்புகள் அப்படியே பொருந்தாது. 'இவர் எங்கள் ஊழியரே இல்லை' என்பார்கள். ஊதியத் தொகுப்போடு வந்த இன்னொரு புதிய சட்டமான பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இதை இன்னும் இறுக்கியிருக்கிறது. முக்கிய வேலைகளில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கத் தடை என்று ஒரு கையால் சொல்லிவிட்டு, கூட்டுவதும் குப்பை அள்ளுவதும் முக்கிய வேலையாகாது என்று மறு கையால் விலக்கு தருகிறது. ஆனால் அந்த விலக்கு, நிறுவனமே அந்த வேலைக்காக அமைக்கப்படாதபோதுதான். ஊரைச் சுத்தமாக வைப்பது உள்ளாட்சியின் அடிப்படைக் கடமை இல்லையென்றால் வேறு எதுதான் கடமை? வழக்குப் போடும் சங்கங்கள் அழுத்திப் பிடிக்க வேண்டிய இடம் இது என்பது எங்கள் உறுதியான கருத்து.

வழக்கில் தோற்பவர்கள் பெரும்பாலும் காகிதம் இல்லாமல் தோற்கிறார்கள். மேஸ்திரி அல்ல, மாநகராட்சியின் சுகாதார ஆய்வாளரே வருகை எடுத்ததற்கான மஸ்டர் நகல், அடையாள அட்டை, அவர் வாட்ஸ்அப்பில் போட்ட வேலை உத்தரவுகள், கொரோனா கால அனுமதிச் சீட்டு என எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். யார் மேற்பார்வை செய்தார்கள் என்பதுதான் அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி.

பிரசவ விடுப்பு எனக்கு எத்தனை நாள்? உடன் வேலை பார்க்கும் நிரந்தரப் பணியாளருக்கு ஒரு வருடம் கொடுத்தார்கள்.
வாசகி, வேலூர்

2021 ஜூலை முதல் தமிழக அரசு ஊழியருக்கு 365 நாள். இ.எஸ்.ஐ.யில் இருக்கும் உங்களுக்கு முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம், அதாவது 182 நாள். அதற்கும் முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒன்று ஆறு மாதம்) 70 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். கர்ப்பம் உறுதியானவுடனே இ.எஸ்.ஐ. கணக்கில் நாள்கள் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். எட்டாம் மாதத்தில் போய்ப் பார்த்தால் சரி செய்ய நேரம் இருக்காது.

எட்டாவது ஊதியக்குழு வந்தால் எங்களுக்கும் கூடுமா?
வாசகர், கரூர்

மத்திய அரசின் எட்டாவது ஊதியக்குழுவுக்கு 2025 அக்டோபர் இறுதியில் ஆய்வு வரம்புகள் ஒப்புதல் பெற்றன. அறிக்கைக்கு 18 மாத அவகாசம். மாநில அரசு அதன் பிறகு தன் பங்குக்கு ஆணை போட வேண்டும். சென்ற முறை மத்திய உயர்வு 2016 ஜனவரி முதல் கணக்கிடப்பட்டது. தமிழகத்தில் கையில் பணம் வந்தது 2017 அக்டோபரிலிருந்துதான், இடைப்பட்ட 21 மாத நிலுவை கிடைக்கவில்லை.

நிரந்தரப் பணியாளருக்கு ஆறாவது குழுவில் 4,800-உம் தர ஊதியம் 1,300-உம் சேர்ந்து 6,100 ஆக இருந்த தொடக்கம், 2.57 மடங்காகி 15,700 ஆனது. ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு இந்தத் தாவல் எதுவும் கிடையாது. அவருடைய ஊதியம் ஏப்ரல்தோறும் விலைவாசிக் குறியீட்டின் பின்னால் மட்டுமே நகரும். ஊதியக்குழு வரும்போதெல்லாம் இடைவெளி கூடத்தான் செய்கிறது.

பன்னிரண்டு ஆண்டு குப்பை வண்டி தள்ளினேன். நான்கு ஒப்பந்ததாரர் மாறினார்கள். பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டா?
வாசகர், ஈரோடு

உண்டு என்றே மனு போடுங்கள். கணக்கு எளிது. கடைசி நாள் கூலியைப் பதினைந்தால் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 600 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 9,000. பன்னிரண்டு ஆண்டுக்கு 1,08,000.

சிக்கல் ஐந்து ஆண்டு நிபந்தனையில் வருகிறது. ஒவ்வொரு ஒப்பந்ததாரரும் 'என்னிடம் மூன்று ஆண்டுதானே' என்பார். பன்னிரண்டு ஆண்டும் நீங்கள் ஒரே வார்டில், ஒரே அமைப்புக்குத்தான் வேலை செய்திருக்கிறீர்கள். ஆகவே மனுவில் முதன்மை வேலையளிப்பவரான உள்ளாட்சி அமைப்பை முதல் எதிர்மனுதாரராகப் போடுங்கள். பணிக்கொடைச் சட்டம் உள்ளாட்சிகளுக்குப் பொருந்தும் என்று 2019-இல் கான்பூர் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியின் பணிக்கொடையை முதன்மை வேலையளிப்பவர் கொடுத்துவிட்டு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று மேட்டூர் அனல்மின் நிலைய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. முதலில் நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் விண்ணப்பம், வேலை விட்ட 30 நாளுக்குள் அனுப்புவது நல்லது. பதில் இல்லை அல்லது மறுப்பு வந்தால் தொழிலாளர் துறையில் பணிக்கொடைக்கான அதிகாரியிடம் போகலாம். தபால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். அங்கே கேட்கும் முதல் காகிதம் அதுதான்.